பட்டனை அழுத்தியாச்சு, அப்புறம்?

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும். மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர், அதாவது ஆபத்தில் பட்டனை அழுத்தினால் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவி, கொடுக்கிற விழா மேடையில் நின்று அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னாரே, கருவியை இலவசமாகக் கொடுத்தாயிற்று, இனிமேல் கடலில் ஏதாவது ஆனால் அது உங்கள் அலட்சியம் என்று. அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் ஒருவராவது ஒரு ராத்திரி கடலில் கிடந்திருப்பாரா?

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து வகுப்பெடுப்பீர்கள். 364 கோடி ரூபாய்த் திட்டம், ஒரு லட்சம் படகுக்கு, இஸ்ரோ செய்தது, செல்போன் சிக்னல் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், பதிலும் வரும். 2010-ல் வந்த பழைய கருவியில் அழுத்தினால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. இது அதைவிட எவ்வளவோ மேல். சரி. பட்டனை அழுத்தியாச்சு, அப்புறம்? யார் வருவார்கள், எதில் வருவார்கள், எத்தனை மணி நேரத்தில் வருவார்கள்? மேடையில் ஒருத்தரும் இதைப் பேசவில்லை.

2017 ஒக்கி. நவம்பர் 30 அன்று புயல் என்று அறிவித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் பலர் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய் நாட்கள் ஆகியிருந்தன. கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தூரம். என் மாமாவும் அங்கேதான் இருந்தார். அத்தை ஓர் அலுவலகத்தில் போய் நின்றார். மாமா போன போட்டு, அதாவது படகு, எந்த இடத்தில் இருக்கிறது, ஜிபிஎஸ் எண் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. மாமாவோடு கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிவிட்டுக் கரையேறிய இன்னொரு போட்டுக்காரர் சொன்னதை அத்தை ஒரு காலண்டர் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, அவ்வளவு தூரம் போக எங்களிடம் படகு இல்லையம்மா என்று திருப்பிக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். இடம் தெரிந்துதான் இருந்தது. போக ஆளில்லை.

தேடிப் போனவை எங்கள் ஊர்ப் போட்டுகள், டீசலுக்குக் காசு பிரித்து. மாமா வந்தார். அவரோடு சமையலுக்குப் போன பையன் வரவில்லை.

“லைஃப் ஜாக்கெட் போடுகிறார்களா?” என்று உடனே ஒருவர் வருவார். பலர் போடுவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தடித்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தூண்டில் கயிறு இழுத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

“டிரான்ஸ்பாண்டரை அணைத்து வைக்கிறார்களே?” சிலர் வைப்பார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அடையாள அட்டை, படகுக்கு நிறம், நடுக்கடலில் சோதனை என்று எத்தனை வந்தன! எல்லாவற்றுக்கும் கடல் பாதுகாப்பு என்றுதான் பெயர். எங்களிடமிருந்து நாட்டைப் பாதுகாக்கிறார்களா, கடலிடமிருந்து எங்களைப் பாதுகாக்கிறார்களா என்று சந்தேகம் வந்தவன் அணைக்கத்தான் செய்வான். அவனைத் திட்டுவது சுலபம்.

அந்தப் பையனின் அம்மாவைப் பற்றி யாரும் கேட்கமாட்டீர்கள். உடல் கிடைக்கவில்லை என்றால் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் ஏழு வருடம். “ஒக்கிக்கு விலக்குக் கொடுத்தார்களே” என்பீர்கள். கொடுத்தார்கள், இருபது லட்சமும் கொடுத்தார்கள். அந்தப் புயலுக்கு ஒரு பெயர் இருந்தது, டிவி வந்தது. பெயரில்லாத ஒரு காற்றில் தனியாகக் கவிழ்ந்தவன் வீட்டில் என்ன செய்வார்கள்? அவர்களும் அலட்சியக்காரர்கள்தானா, ஐயா?

மாமா இப்போதும் போகிறார். கேபின் மேலே கருவி இருக்கிறது, அணைப்பதில்லை. போன தடவை கிளம்பும்போது, ஏதாவது என்றால் முதலில் பட்டனைத்தானே அழுத்துவீர்கள் என்று கேட்டேன்.

“அழுத்துவேன் மக்கா. அழுத்திவிட்டுப் பக்கத்துப் போட்டுக்காரனை வயர்லெஸ்ஸில் கூப்பிடுவேன். அவன்தானே வருவான்.”