சணல் எடை கழிக்கப்படும்

(பழைய பேப்பர் கடை. தட்டுத் தராசில் சணல் போட்டுக் கட்டிய நாளிதழ்க் கட்டு. எதிர்த் தட்டில் எடைக்கற்கள். முள் நடுவில் நிற்கிறது. அண்ணாச்சி கடையில் அது அபூர்வம்.)

மாணவி: பத்து கிலோ. நான் சொன்னேன் அல்லவா அண்ணாச்சி?

அண்ணாச்சி: சரி பாப்பா. (மேல் பேப்பரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுகிறார்.) இதென்ன, ‘கடவுள் துகள்’? சாமி பேப்பரையா எடைக்குப் போடுகிறாய்?

மாணவி: அது 2012 ஜூலை 5 பேப்பர். முந்தைய நாள்தான் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அறிவித்தார்கள். நிஜப் பெயர் ஹிக்ஸ் போசான். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணாச்சி: (செருப்பை மாட்டிக்கொண்டு) எங்கே கிடந்ததாம்?

மாணவி: கிடக்கவில்லை, உண்டாக்கினார்கள். பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம். அதில் புரோட்டான்களை எதிரும் புதிருமாக ஓட்டி மோதவிட்டார்கள். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று பீட்டர் ஹிக்ஸ் 1964-லேயே எழுதிவிட்டார்.

அண்ணாச்சி: நாற்பத்தெட்டு வருஷமா! எங்கள் பங்காளி கேஸே தேவலை. சரி, அதனால் என்ன லாபம்?

மாணவி: ஹிக்ஸ் புலம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்று தெரிந்தது.

அண்ணாச்சி: புல எண் என்ன? பட்டா யார் பேரில்?

மாணவி: அந்தப் புலம் இல்லை! இது இல்லாத இடமே கிடையாது. எலக்ட்ரான் அதோடு உறவு வைத்திருக்கிறது, அதனால் அதற்கு நிறை உண்டு. ஒளித்துகள் அதைச் சட்டை செய்வதே இல்லை, நிறையும் இல்லை.

அண்ணாச்சி: சேற்றில் நடக்கிற மாதிரி.

மாணவி: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சேறு ஓடுகிறவனை நிறுத்திவிடும், இது நிறுத்தாது. உங்கள் மூன்று சக்கர வண்டியில் லோடு ஏற்றினால் கிளப்பவும் கஷ்டம், கிளம்பியதை நிறுத்தவும் கஷ்டம். அந்த முரண்டுதான் நிறை.

அண்ணாச்சி: அப்போ இந்தப் பத்து கிலோவும் ஹிக்ஸ் கொடுத்தது.

மாணவி: அங்கேதான் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். பேப்பர் எடை அநேகமாக எல்லாமே புரோட்டான், நியூட்ரான்தான். ஒரு புரோட்டானுக்குள் குவார்க் என்று மூன்று குட்டித் துகள். புரோட்டான் நிறை 938 என்றால், மூன்று குவார்க்கும் சேர்ந்தே சுமார் ஒன்பதுதான். ஹிக்ஸ் கணக்கு அந்த ஒன்பதோடு சரி.

அண்ணாச்சி: மீதி?

மாணவி: குவார்க்குகள் உள்ளே பரபரவென்று அலைகிற ஆற்றல், அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றல். ஆற்றலும் நிறையாகத்தான் தராசில் நிற்கும். ஐன்ஸ்டைன் சொன்னது.

அண்ணாச்சி: கட்டிவைப்பது என்றால், இந்தச் சணல் மாதிரி?

மாணவி: கரெக்டாகப் பிடித்துவிட்டீர்கள் அண்ணாச்சி!

(அண்ணாச்சி பேசாமல் சுவரைக் காட்டுகிறார். கரிக்கட்டையால் எழுதிய அறிவிப்பு: ‘சாக்கு, சணல் எடை கழிக்கப்படும்.’ மாணவி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.)

அண்ணாச்சி: நூற்றுக்கு ஒன்றுதான் சரக்கு. பத்து கிலோவில் நூறு கிராம். கிலோ பன்னிரண்டு ரூபாய். ஒரு ரூபாய் இருபது காசு. சில்லறை இல்லை, ஒரு ரூபாயாக வைத்துக்கொள்.

மாணவி: இருங்கள். எதிர்த் தட்டில் என்ன?

அண்ணாச்சி: எடைக்கல். சுத்தமான இரும்பு.

மாணவி: இரும்பிலும் இதே புரோட்டான், நியூட்ரான்தான். அங்கேயும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சணல். அதையும் கழியுங்கள்.

(அண்ணாச்சி ஒரு கல்லை எடுத்துக் கவிழ்த்து, அடியில் இருக்கும் முத்திரையை வெகுநேரம் பார்க்கிறார்.)

அண்ணாச்சி: முத்திரை குத்தினவனுக்கு இது தெரியுமா?

மாணவி: நூற்றிருபது ரூபாய் அண்ணாச்சி.

(எண்ணிக் கொடுக்கிறார். பிறகு மேல் பேப்பரை உருவி, நான்காய் மடித்து, கல்லாப்பெட்டிக்குள் வைக்கிறார்.)

மாணவி: சாமி இல்லை என்றேனே?

அண்ணாச்சி: தெரியும். நாளைக்கு ஒருத்தன் பித்தளை அண்டா கொண்டுவருகிறான். அவன் எட்டாம் வகுப்பு.