வண்டல் எல்லா வெள்ளத்திலும் வருவதில்லை
‘வெள்ளம் வண்டலைக் கொண்டுவருவதால், அடிக்கடி வந்தாலும் விவசாயிக்கு ஆதாயமே’ என்ற கருத்து பாதி உண்மை மட்டுமே. மெதுவாகப் பரவி, மெதுவாக வடியும் நீர்தான் நுண்ணிய வண்டலைப் படியவிடும். கரையை உடைத்துக்கொண்டு வேகமாகப் பாயும் நீரோ, மேல்மண்ணை அரித்துச் சென்றுவிட்டு, உடைப்பை ஒட்டிய வயல்களில் ஈரம் தாங்காத பருமணலைக் கொட்டிவிட்டுப் போகிறது. அதை அள்ளி அகற்றாமல் அங்கே பயிர் வைப்பது கடினம்.

நீர் தேங்கிய மண்ணில் ஓரிரு நாட்களிலேயே ஆக்சிஜன் தீர்ந்து, பெரும்பாலான பயிர்களின் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. மூழ்கலைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ‘சப்-1’ மரபணு கொண்ட நெல் ரகங்கள்கூட ஏறத்தாழ 14 நாட்கள் வரைதான் தாக்குப்பிடிக்கும்.

இவற்றைவிட முக்கியமாக, அந்தக் கருத்து ‘அடிக்கடி’ என்ற சொல்லின் பாரத்தை உணரவே இல்லை. விதைக்கென்று எடுத்துவைத்த தானியம் நனைந்து, மூட்டைக்குள்ளேயே வெள்ளை முளைவிட்டுப் புளித்த வாடை வீசும்போது, அந்தக் குடும்பம் இழப்பது ஒரு பருவத்தை மட்டுமல்ல, அடுத்த பருவத்தின் தொடக்கத்தையும்தான். முதல் வெள்ளத்துக்கு வாங்கிய கடன் அடைவதற்குள் இரண்டாவது வந்தால் உழவுமாடு விற்கப்படுகிறது. மூன்றாவதில் நிலமே கைமாறுகிறது. பிறகு அதில் வண்டல் படிந்தாலும், அதன் பயன் வேறொருவருக்கே போய்ச் சேரும்.