நிக் நல்லவனா?

சித்தி பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் தள்ளுபடியில் ‘தி வாக்கிங் டெட்’ கேம்களை மொத்தமாக வாங்கிவிட்டு, “அண்ணா, இது நீங்க அந்தக் காலத்துல விளையாடினதுதானே?” என்று கேட்டான். 2014 அந்தக் காலம் ஆகிவிட்டது. சரி, போகட்டும். முதல் சீசனை மூன்றே நாளில் முடித்தான். கடைசிக் காட்சியில் அழுததை ஒப்புக்கொள்ளாமல் ‘கண்ணு வலி’ என்றான். இப்போது இரண்டாம் சீசனில் கால் வைத்திருக்கிறான். முகநூல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான், இது மாமாக்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையாம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். கதை முழுவதையும் போட்டு உடைக்கப்போகிறேன்.

அவன் ஆரம்பித்ததும் என் பழைய வயிற்றெரிச்சலும் கிளம்பிவிட்டது. இரண்டாம் சீசன், நான்காவது எபிசோட், ‘அமிட் தி ரூயின்ஸ்’.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெல்டேல் என்ற கலிஃபோர்னியக் கம்பெனி 2012-இல் இந்தக் கேமை ஐந்து எபிசோடுகளாக வெளியிட்டது. பிணங்கள் எழுந்து நடக்கும் உலகம். அவற்றுக்கு இதில் வாக்கர் என்று பெயர். ஆனால் வாக்கரைக் கொல்வது இதில் பெரிய வேலை இல்லை. பேசுவதுதான் வேலை. நாலு பதில்கள் திரையில் வரும், கீழே ஒரு கோடு தேய்ந்துகொண்டே போகும், அது தீர்வதற்குள் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதும் மேல் மூலையில் ‘இதை அவர் நினைவில் வைத்துக்கொள்வார்’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை நம்பித்தான் லட்சக்கணக்கானவர்கள் ராத்தூக்கம் கெட்டோம். முதல் சீசனில் நாம் லீ. க்ளெமன்டைன் என்ற சின்னப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாம் சீசனில் லீ இல்லை, நாமே பதினொரு வயது க்ளெமன்டைன்.

2013 டிசம்பரில் இரண்டாம் சீசன் தொடங்கியது. அப்போது ஸ்டீமில் ரூபாய் கிடையாது, எல்லாம் டாலர். என்னிடம் கிரெடிட் கார்டும் கிடையாது. அறை நண்பனின் கார்டில் 25 டாலருக்கு, கிட்டத்தட்ட 1,500 ரூபாய்க்கு, சீசன் பாஸ் வாங்கி, அந்தக் கடனை மூன்று தவணையில் அடைத்தேன். சீசன் பாஸ் என்றால் ஐந்து எபிசோடுக்கும் முன்கூட்டியே மொய் எழுதிவிடுவது. சாப்பாடு எப்படி இருந்தாலும் மொய் மொய்தான்.

மூன்றாவது எபிசோட் மே 13-ஆம் தேதி வந்தது. நான்காவது ஜூலை 22. நடுவில் 70 நாள். இந்த 70 நாளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இன்று மொத்தமாக வாங்கி வரிசையாக விளையாடுகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எபிசோட் கேமில் அந்த இடைவெளி சும்மா கிடப்பதில்லை. அந்த 70 நாளும் கதை நம் கையில் இருக்கும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாரா ஞாபகம் வரும். அப்பா கார்லோஸ் பொத்திப் பொத்தி வளர்த்த, மூக்குக் கண்ணாடி போட்ட, எதற்கெடுத்தாலும் நடுங்குகிற பெண். முதல் எபிசோடில் க்ளெமன்டைனுடன் சுண்டுவிரல் கோத்து ‘நாம் சிநேகிதிகள்’ என்று சத்தியம் வாங்கினாள். இரண்டாவதில் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடு என்றாள். மூன்றாவதின் முடிவில் அப்பனைக் கண்ணெதிரே பறிகொடுத்துவிட்டு, வாக்கர் கூட்டத்துக்குள் அலறிக்கொண்டு ஓடினாள். அடுத்ததில் இவள் நிமிர்வாள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். க்ளெமன்டைனுக்கு லீ செய்ததை, க்ளெமன்டைன் இவளுக்குச் செய்வாள். கதை அங்கேதானே போகிறது?

அப்புறம் நிக். கோபக்காரன், குடிகாரன், அம்மாவை இழந்தவன். இரண்டாவது எபிசோடில் பாலத்தில் ஓர் அப்பாவியைச் சுட்டுவிடுகிறான். செத்தவனின் துணையான வால்டர் பிறகு நம்மிடம் வந்து கேட்கிறார், நிக் நல்லவனா என்று. இந்தக் கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். நம் பதிலையும் அதற்கு முன் நாம் நடந்துகொண்டதையும் பொறுத்து, நிக்கை வாக்கர் பிடிக்கும்போது வால்டர் காப்பாற்றுவார், அல்லது நின்று வேடிக்கை பார்ப்பார். நான் நல்லவன் என்றேன். நிக் பிழைத்தான். நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன்.

ஜூலை 22 வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

நிக் என்ன ஆனான்? ஒரு வேலியில் சிக்கிக்கொண்டிருக்கும் வாக்கர்களில் ஒருத்தனாக நிற்கிறான். அவ்வளவுதான். எப்போது செத்தான், எப்படிச் செத்தான், கடைசியில் யாரைக் கூப்பிட்டான், எதுவும் கிடையாது. மூன்றாவது எபிசோடிலேயே அவனை ஓர் ஓரமாக வாய் திறக்காமல் நிற்க வைத்திருந்தார்கள், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிறு வயதிலிருந்து கூடவே இருந்த லூக்குக்குக்கூடத் துக்கப்பட நேரம் கொடுக்கவில்லை. இதே எபிசோடில் மியூசியத்தில் ஒரு ரக்கூன் வருகிறது, அதற்குத் தனிக் காட்சி இருக்கிறது.

சாரா ஒரு டிரெய்லர் வீட்டுக்குள் சுருண்டு கிடக்கிறாள். வெளியே வாக்கர்கள் கதவை முட்டுகிறார்கள். விட்டுவிட்டுப் போகலாம் என்கிறாள் கூட வந்திருக்கும் ஜேன் என்ற பெண். போகலாம், அல்லது சாராவை அறைந்தாவது எழுப்பலாம். அறைந்து எழுப்பினேன். கூரை வழியாக ஏறித் தப்பினோம். நல்லது. அரை மணி நேரம் கழித்து, பார்க்கர்ஸ் ரன் என்ற இடத்தில், பழைய உள்நாட்டுப் போர் நினைவிடம் அது, மரத் தளம் சரிந்து விழுகிறது, சாரா அடியில் மாட்டிக்கொள்கிறாள். ஜேனைக் காப்பாற்றச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எதைச் செய்தாலும் வாக்கர்கள் அவளைத் தின்கிறார்கள். அதே நேரத்தில் உள்ளே, எங்கள் கூட்டத்தில் கர்ப்பிணியாக இருந்த ரெபெக்காவுக்குப் பிரசவம் நடக்கிறது. குழந்தை அழுகிறது, எல்லோரும் குழந்தையைப் பார்க்கிறார்கள். கேபினில் ஒன்றாகச் சாப்பிட்ட பெண் செத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சரிட்டா கதையும் அதேதான். வாக்கர் கடித்த அவள் கையை வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். வெட்டினால் அங்கேயே சாகிறாள், வெட்டாவிட்டால் பிறகு சாகிறாள், இரண்டிலும் அவள் துணையான கென்னி, முதல் சீசனிலேயே நம்மோடு இருந்தவர், நம்மைத்தான் திட்டுவார். ஆர்வோ என்ற பையனிடம் மருந்தைப் பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும் முடிவில் துப்பாக்கிக் கும்பலோடு வந்து நிற்கிறான். ஐந்தாவது எபிசோட் பொங்கல் என்றால் இது போகி. தேவையில்லாததையெல்லாம் வாரி வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அந்தக் குவியலில் நான் காப்பாற்றி வைத்திருந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: “டெல்டேல் கேமில் நம் தேர்வுக்கு என்றைக்கு மதிப்பு இருந்தது? எல்லாம் கண்கட்டு வித்தைதானே?” தெரியும். இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டு உப்புமா கிண்டும் வீடு அது என்று முதல் சீசனிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த உப்புமாவில் நெய் இருந்தது, முந்திரி இருந்தது. முதல் எபிசோடில் கார்லியா டக்கா, ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். கார்லியைக் காப்பாற்றினேன். மூன்றாவது எபிசோடில் சாலையோரத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தில் ஒருத்தியான லில்லி சட்டென்று துப்பாக்கியை எடுத்து அவளைச் சுட்டுவிடுகிறாள். டக்கைக் காப்பாற்றியிருந்தாலும் அதே இடத்தில் அவன் சாகிறான். முடிவு ஒன்றுதான். ஆனால் அதற்குள் இரண்டு எபிசோட் அவளோடு பேசியிருக்கிறேன், சண்டை பிடித்திருக்கிறேன், கொஞ்சம் மனசும் சாய்ந்திருக்கிறது. அவள் விழுந்த பிறகு லில்லியை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். அந்த வண்டிக்குள் இருந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

பென்னை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டதெல்லாம் கெடுக்கும் பயந்தாங்கொள்ளிப் பையன். நான்காவது எபிசோடில் மணிக்கூண்டில் தொங்கிக்கொண்டு, என்னை விட்டுவிடு என்று அவனே கெஞ்சுகிறான். தூக்கி விட்டால் ஐந்தாவதில் எப்படியும் சாவான். ஆனால் அதற்கு முன்பு கென்னியின் முகத்துக்கு நேராக நின்று, உன் குடும்பம் கண்முன்னாவது போனது, என் வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது என்று வெடிக்கிறான். கென்னி முதன்முறையாக வாயடைத்துப் போகிறார். அப்புறம் பென் சாகும்போது பக்கத்தில் நிற்பதும் அதே கென்னிதான். பென்னை நான்காவதிலேயே விட்டிருந்தால் கென்னியின் பிரிவு வேறு மாதிரி நடக்கும். ஒருவனைக் காப்பாற்றியதற்கு எனக்கு ஒரு எபிசோட் வட்டி கிடைத்தது. நான் கேட்பது அவ்வளவுதான், முதலைக்கூடக் கேட்கவில்லை.

இன்னொரு வாதம், அந்த உலகத்தில் சாவு அப்படித்தான் வரும், அர்த்தமில்லாமல், திடீரென்று. வரட்டும். கார்லிக்கு வந்ததும் திடீர்ச் சாவுதான். அர்த்தமில்லாத சாவை எழுதுவதற்கும் ஒரு சாவை அக்கறையில்லாமல் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆளைத் தூக்கிவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்ந்தால் அது சோகம் இல்லை, ஃபைலை மூடுவது.

ஏன் அப்படி ஆனது என்று யோசித்தால் விடை கொஞ்சம் சலிப்பூட்டுவது. ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றால், அவன் வரும் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு விதமாக எழுத வேண்டும், இரண்டு விதமாகக் குரல் பதிய வேண்டும், இரண்டு விதமாக அசைத்துப் பார்க்க வேண்டும். நிக்கும் சாராவும் ஒரே காட்சியில் இருந்தால் நாலு விதம். அதனால்தான் பிழைத்தவர்கள் ஊமையாகிறார்கள், பிறகு ஒதுக்குப்புறமாகச் சாகிறார்கள். இதற்கு நேரமும் ஆளும் வேண்டும். டெல்டேலுக்கோ அப்போது கையில் வேலை குவிந்து கிடந்தது. அவர்களுடைய இன்னொரு தொடரான ‘தி வுல்ஃப் அமங் அஸ்’ஸின் கடைசி எபிசோட் 2014 ஜூலை 8-இல் வந்தது. இது அதற்கு இரண்டே வாரம் கழித்து. நவம்பரில் ஒரு புதுத் தொடர், டிசம்பரில் இன்னொன்று. முதல் சீசனை எழுதியதில் முக்கியமானவர்களில் இருவர் ஏற்கெனவே விலகித் தனியாகக் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். ஓய்வொழிச்சல் இல்லாத வேலைப்பளுவைப் பற்றி முன்னாள் ஊழியர்கள் பிற்பாடு பத்திரிகைகளிடம் பேசினார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அந்த எழுத்தாளர்கள் மீது கோபம் குறைந்துவிட்டது. எபிசோட் மீது குறையவில்லை.

குறை மட்டும் சொல்லக்கூடாது. ஜேன் நன்றாக இருக்கிறாள். வாக்கரை முழங்காலில் உதைத்துக் கீழே சாய்த்து, பிறகு கத்தியை இறக்கு என்று க்ளெமன்டைனுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் இடம், உயரம் எட்டாத சிறுமிக்கு அதைவிட உருப்படியான பாடம் இல்லை. கடைசிக் காட்சியும் பலமானது. பனியில் ரெபெக்கா மடியில் கைக்குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். மெல்ல நிமிர்ந்து பார்க்கும்போது அந்தக் கண்கள் ரெபெக்காவுடையவை இல்லை. மவுஸைப் பிடித்திருந்த கை வேர்த்தது. இப்படி எழுதத் தெரிந்தவர்கள்தான் நிக்கை வேலியில் மாட்டிவிட்டுப் போனார்கள் என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது.

ஐந்தாவது எபிசோடில் கென்னியோடு போகலாம், ஜேனோடு போகலாம், தனியாகவும் போகலாம் என்று பல முடிவுகளை வைத்து ஓரளவு சமாளித்தார்கள். அதையும் 2016 டிசம்பரில் வந்த மூன்றாம் சீசனில், சில நிமிட நினைவுக் காட்சிகளில் கூட்டித் தள்ளிவிட்டார்கள். அது தனிப் பதிவுக்கான வயிற்றெரிச்சல். 2018 செப்டம்பரில் டெல்டேல் ஒரே நாளில் ஏறக்குறைய 250 பேரை வீட்டுக்கு அனுப்பியது. கடைசி சீசனை ஸ்கைபவுண்ட் என்ற இன்னொரு கம்பெனி எடுத்து 2019 மார்ச்சில் முடித்து வைத்தது. அதையும் விளையாடினேன். ரோஷம் எல்லாம் அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்.

“அண்ணா, வால்டர்னு ஒருத்தர் நிக் நல்லவனான்னு கேக்குறாரு. பாஸ் பண்ணி வெச்சிருக்கேன். என்ன சொல்லட்டும்?”

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லவன்னு சொல்லுடா.”

இன்று காலை பார்த்தால் மூன்று இதயம் அனுப்பியிருக்கிறான். நிக் பிழைத்துவிட்டானாம்.