முத்தம்மாவின் மனு தள்ளுபடியான கதை

போட்டித் தேர்வுக்கான வழிகாட்டி நூல்களில் சி.பி.முத்தம்மா ஒரு மதிப்பெண் விடையாக இருக்கிறார். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் யார் என்பது கேள்வி. அவர் பெயர் விடை. அந்தப் பெருமையில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. ஆனால் 'முதல் பெண்' என்று சொல்லி முடித்துவிடும்போது, ஒரு வாசல் திறந்தது, ஒருவர் நுழைந்தார், பிறகு எல்லோரும் வரிசையாக வந்தார்கள் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிடுகிறது. நடந்தது அப்படியில்லை. அந்த வாசலைத் திறந்தவர்களே, உள்ளே வந்த பெண் எப்போது வெளியேற வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருந்தார்கள். முத்தம்மா முப்பது ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்து, பதவியில் இருக்கும்போதே தன்னைப் பணியில் அமர்த்திய அரசின் மீது வழக்குத் தொடுத்தவர். அவர் செய்தவற்றுள் ஆகப் பெரிய காரியம் அதுதான் என்பது என் கருத்து.

குடகில் உள்ள விராஜ்பேட்டையில் 1924 ஜனவரி 24 அன்று பிறந்தவர் அவர். வனத்துறை அதிகாரியாக இருந்த தந்தை, முத்தம்மாவின் ஒன்பதாம் வயதில் இறந்துவிட, பிள்ளைகள் நால்வரையும் தாயே தனியாகப் படிக்கவைத்தார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பை முடித்தவர் கல்லூரிக்குச் சென்னைக்கு வந்தார். முதலில் மகளிர் கிறித்தவக் கல்லூரி. பிறகு கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. ஆட்சிப்பணித் தேர்வில் அவர் வென்றது 1948இல். நாடு விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது.

எழுத்துத் தேர்வைக் கடந்து நேர்முகத் தேர்வில் அமர்ந்த அவரிடம், தேர்வாணையத்தின் தலைவரே வெளியுறவுப் பணி உமக்கு வேண்டாம் என்று மனத்தை மாற்றப் பார்த்தார். நேர்முகத் தேர்வில் அவருக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணே கிடைக்கும்படி அந்தத் தலைவர் தம் செல்வாக்கைப் பயன்படுத்தினார் என்பதும் முத்தம்மா பின்னாளில் தம் மனுவில் எழுதிய குற்றச்சாட்டு. அத்தனையையும் மீறி 1949இல் பணியில் சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகிவிடுவேன் என்று ஓர் உறுதிமொழியில் அவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவருடன் அதே பணியில் சேர்ந்த ஆண்கள் யாரும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் காலம் அப்படித்தான், வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் 1949க்கு வேண்டுமானால் பொருந்தலாம். 1961ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பொருந்தாது. பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவின் அதிகாரிகள் தில்லியில் உட்கார்ந்து எழுதிய விதிகள் அவை. நடத்தை விதிகளில் 8(2) என்ற பிரிவு, பெண் அதிகாரி திருமணத்துக்கு முன்பே அரசின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற வேண்டும் என்றது. திருமணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்புகள் அவருடைய வேலைத் திறனுக்கு இடையூறாக இருக்கக்கூடும் என்று அரசு கருதினால், எப்போது வேண்டுமானாலும் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. இடையூறு உண்மையிலேயே நேர்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேரக்கூடும் என்று மேலதிகாரிக்குத் தோன்றினால் போதும். பணியமர்த்தல் விதிகளின் 18(4) இன்னும் வெளிப்படையானது: மணமான பெண் எவரும் இந்தப் பணியில் சேர்வதை உரிமையாகக் கோர முடியாது.

இவை தாளில் கிடந்து தூங்கிய விதிகள் என்று எண்ணிவிட வேண்டாம். முத்தம்மாவின் தலைமுறையிலேயே வெளியுறவுப் பணிக்கு வந்தவர் ரமா மேத்தா. உடன் பணியாற்றிய ஜகத் மேத்தாவை மணந்ததால் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. கணவர் அதே பணியில் படிப்படியாக உயர்ந்து 1976இல் வெளியுறவுச் செயலரானார். மனைவி எழுத்துக்குத் திரும்பினார். அவருடைய ஆங்கில நாவலுக்கு 1979இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. நல்ல நாவலாசிரியர் ஒருவர் நமக்குக் கிடைத்தாரே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒரே திருமணம், ஒரே குடும்பம், ஒரே மாதிரியான இடமாற்றத் தொல்லைகள். அதில் ஒருவருடைய வேலைத் திறன் மட்டும் கெட்டுவிடும் என்று அரசு எப்படிக் கண்டுபிடித்தது என்ற கேள்விக்கு இந்த ஒரு வீட்டுக் கதையே போதும். முத்தம்மா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவருடைய சொந்த விஷயம், காரணத்தை ஊகிக்க நான் யாரும் இல்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் அவருக்கு முன்னால் அரசாங்கமும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தது என்பது மட்டும் உண்மை.

பாரிஸில் தொடங்கிய அவருடைய பணி ரங்கூன், லண்டன் என்று நகர்ந்தது; தில்லித் தலைமையகத்தில் பாகிஸ்தான், அமெரிக்கா தொடர்பான பிரிவுகளிலும் இருந்தார். 1970இல் ஹங்கேரிக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். விஜயலட்சுமி பண்டிட் 1947லேயே மாஸ்கோவுக்குத் தூதராகப் போயிருந்தாரே என்று கேட்கலாம். அது அரசியல் நியமனம். தேர்வெழுதிக் கீழ்ப்படியிலிருந்து ஏறிவந்து தூதரான முதல் பெண் முத்தம்மாதான். பிரிட்டனின் முதல் பெண் தூதர் டென்மார்க்குக்குப் போனது 1976இல் என்பதையும், மணமான பெண்களுக்கு எதிரான தடையை அவர்கள் நீக்கியது 1973இல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பெண்ணைத் தூதராக்குவதில் நாம் அவர்களை முந்திக்கொண்டோம். அவர்களே கைவிட்டுவிட்ட தடையை மட்டும் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டு இருந்தோம்.

அடுத்து கானா. அதன்பின் வெளியுறவுப் பணியின் முதல் நிலைக்கான (கிரேடு I) பதவி உயர்வு வரவேண்டிய நேரத்தில், தகுதி போதவில்லை என்று அவரை ஒதுக்கிவிட்டு, அவருக்குப் பணியில் இளையவர்களை மேலே அனுப்பினார்கள். ஏறத்தாழ முப்பதாண்டுப் பணிக்குப் பிறகு, ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது, தூதராக இருந்த ஒருவர் தம் அரசை எதிர்த்து நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போவது சாதாரணமாக நடக்கக்கூடியதா? அரசு அலுவலகப் பழக்கவழக்கம் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். மேலிடத்தைப் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வூதியத்தோடு ஊர்போய்ச் சேர்வதே புத்திசாலித்தனம் என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்லித்தரப்படுகிற இடம் அது. முத்தம்மா பதவி உயர்வை மட்டும் கேட்டு நிறுத்தியிருக்கலாம். நேர்முகத் தேர்வில் நடந்தது, வாங்கப்பட்ட உறுதிமொழி, இரண்டு விதிகள் என்று எல்லாவற்றையும் மனுவில் வரிசைப்படுத்திவிட்டார்.

மனு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. நெதர்லாந்தின் ஹேகில் இந்தியத் தூதராக நியமித்தோம், இனி குறை என்ன இருக்கிறது என்பதே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பின் வாதம். வழக்குத் தொடுத்தவரின் வாயை அடைக்க உரியதைக் கொடுத்துவிட்டு, வழக்கை இல்லாமல் ஆக்கும் இந்த உத்தி இன்றும் பழசாகவில்லை. அன்றைக்கு அமர்வில் இருந்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், உடன் நீதிபதி பி.என்.சிங்கால். 1979 செப்டம்பர் 17 அன்று வந்த தீர்ப்பு சில பக்கங்களே கொண்டது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். இந்த மனு சொல்லும் கதையைக் கேட்டால் சமத்துவத்துக்கு உறுதி தரும் அரசமைப்பின் 14, 16ஆம் உறுப்புகள் புராணமா நிஜமா என்ற வியப்பு எழுகிறது என்று அது தொடங்குகிறது. பெண் அதிகாரி திருமணத்துக்கு அனுமதி பெற வேண்டுமென்றால், ஆண் அதிகாரியின் திருமணத்திலும் அரசுக்கு அதே அபாயம் இருக்கிறதே என்று கேட்கிறது. குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்றால் அது ஆணுக்கும் நேரலாமே என்கிறது. பெண்ணை விலங்கிட்டு வைத்த ஆண் பண்பாட்டின் மிச்சம் இது என்றும், நம் விடுதலைப் போராட்டம் பெண்ணடிமைத்தனத்துக்கும் எதிரான போர் என்பதை மறந்துவிட்டோம் என்றும் கடிந்துகொள்கிறது.

18(4) நீக்கப்பட்டுவிட்டது, 8(2)உம் நீங்கப்போகிறது என்று அரசு உறுதி சொன்னது. பதவி உயர்வும் கிடைத்துவிட்ட நிலையில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மனுவைத் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையை அல்ல என்று சொல்லியே செய்தது. இளையவர்கள் முந்திச்சென்றதால் அவருக்கு ஏற்பட்ட பணிமூப்பு இழப்பை மறுபரிசீலனை செய்யுமாறும், பால் பாகுபாட்டின் கறை படிந்த பணி விதிகள் அனைத்தையும் வழக்குகள் வருமுன்பே திருத்துமாறும் அரசுக்குச் சொன்னது. ஏட்டில் பார்த்தால் முத்தம்மா தோற்ற வழக்கு இது. எனக்குத் தெரிந்த பல வெற்றிகள் இந்தத் தோல்விக்கு அருகில் வரமாட்டா.

தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடமும் உண்டு. எல்லா வேலைகளிலும் எல்லாச் சூழல்களிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவிதியாகச் சொல்லவில்லை, சில பணிகளின் தேவை கருதிப் பாகுபடுத்த வேண்டிவரலாம் என்று நீதிபதி ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். அத்தனை கோபமாக எழுதியவர் அதை ஏன் எழுதினார் என்பது எனக்குப் புரியவில்லை. அந்த வாசல் வழியாக உள்ளே வருவதற்கு ஆள் இருக்கத்தான் செய்தது.

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்றார். ஆயுதக் குறைப்புக்காக ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே தலைமையில் அமைந்த பன்னாட்டு ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இருந்தார். இந்திய நிர்வாக அமைப்பை விமர்சித்து எழுதினார். குடகுச் சமையல் பற்றிய நூல் ஒன்றிலும் பங்கெடுத்தார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் திறமையைக் கெடுக்கும் என்ற விதியை எதிர்த்து நின்றவர், தம் ஊர்ச் சமையலை எழுதிவைக்கத் தயங்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 2009 அக்டோபரில் பெங்களூரில் அவர் காலமானபோது, நாட்டின் வெளியுறவுச் செயலராக இருந்தவர் நிருபமா ராவ். அவருக்கு முன்பே 2001இல் சொகிலா ஐயர் அந்தப் பதவிக்கு வந்துவிட்டார். இருவரும் மணமானவர்கள்.

வெளியுறவுப் பணியில் விதி போயிற்று. மற்ற இடங்களில் அவ்வளவு எளிதாகப் போகவில்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் 1981இல், முதல் கர்ப்பத்தோடு வேலையை விட்டு நீக்கும் விதியை ரத்து செய்துவிட்டு, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை நியாயமானது என்று நிலைநிறுத்தியது. ராணுவச் செவிலியர் பணியில் இருந்த ஒரு பெண் அதிகாரி, திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988இல் வெளியேற்றப்பட்டார். முத்தம்மா வழக்கின் தீர்ப்பு வந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வெளியேற்றம் அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று கூறி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஆணையிட்டது. அந்த 36 ஆண்டுகளில் அவர் பெற்றிருக்க வேண்டிய பதவி உயர்வுகளைக் கணக்கிட்டுத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.