மையித்துக்குப் படமெடுக்கவும் படிக்கத்தான் வேணும்

எங்களோட எக்ஸ்ரே பிரிவில வேல செய்ற தங்கச்சி ஒருத்தி, மையித்த, அதாவது இறந்த உடம்ப, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்து எப்படி இறந்தார் எண்டு தேடுற படிப்ப ஒன்லைன்ல படிக்கிறதா பதிவு போட்டா. அதுக்குக் கீழ ஒரு மனிசன் எழுதினத எல்லாரும் பாத்திருப்பீங்க. "மையித்துக்குப் படம் புடிக்க ஒரு படிப்பாம், அதுவும் போனுலயாம்." சிரிச்ச ஆக்கள்ல எங்கட எக்ஸ்ரே ஆக்களும் இருந்தீங்க. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல.

படிக்கத்தான் வேணும். ஏனெண்டு சொல்றேன்.

உயிரோட இருக்கிறவரிட்ட "மூச்ச இழுத்துப் புடிங்க, கையத் தூக்குங்க" எண்டுறோம். விறைச்சுப் போன உடம்புக்கு என்ன சொல்லுவீங்க? படம் வந்த பிறகு இன்னும் சிக்கல். இதயத்துக்குள்ளயும் இரத்தக் குழாய்க்குள்ளயும் காத்து தெரியும். உயிரோட உள்ளவர்ல அதக் கண்டா டொக்டரக் கூப்பிட ஓடுவோம். இறந்தவர்ல அது உடம்பு அழுகத் தொடங்கினதால வந்ததாவும் இருக்கலாம். நுரையீரல்ல இரத்தம் கீழ தேங்கி நியூமோனியா மாதிரியே காட்டும். அறிக்கை எழுதுறது டொக்டர்தான். ஆனா எந்த இடத்த இன்னொருக்கா எடுக்கணும் எண்டு மெஷினுக்குப் பக்கத்தில நிக்கிற எங்களுக்கும் தெரியணும். நான் படிச்ச காலத்தில இத ஆரும் சொல்லித் தரல்ல.

அடிபட்டு மௌத்தானதா சந்தேகப்படுற ஒரு பச்சப் புள்ளய நினைச்சுப் பாருங்க. முழு உடம்பையும் ஒரே படத்தில அடக்கினா விலா எலும்பு வெடிப்பும் மூட்டு ஓரத்துச் சின்ன முறிவும் தவறிப் போகும். பகுதி பகுதியா எடுக்கணும். இடது வலது குறி, உடலோட இலக்கம், நேரம், ஆர் கொண்டு வந்தது, ஆர் பக்கத்தில நிண்டது, எல்லாம் பதியணும். இதில ஒண்டு பிழைச்சாலும் கோட்டில அந்தப் படம் நிக்கிறது கஷ்டம். அந்தப் புள்ளைக்கு அந்தப் படமும் ஒரு சாட்சி.

"கைவேலைய ஒன்லைன்ல பழக ஏலுமா?" எண்டு கேட்கிறாங்க. கை ஏற்கெனவே பழகித்தானே கிடக்கு? வருஷக்கணக்கா படமெடுக்கிற ஒருத்திக்கு இல்லாதது கையில்ல. நூறு விதமான படங்களப் பாத்து வேறுபாடு புரியிற கண்ணும், சட்டமும், இறந்த உடலோட நடந்துகொள்ற ஒழுங்கும்தான். அது தூர இருந்தும் வரும். வேற எப்படிப் படிக்கிறது? அவுஸ்திரேலியாவில மெல்பேர்ன்ல 2005 இல இருந்து பிரேத அறையிலயே சி.டி. ஸ்கேன் ஓடுது. வேலைய விட்டுட்டு அங்க போய்ப் படிக்கச் சொல்றீங்களா?

"உயிரோட உள்ளவங்களுக்கே சி.டி.க்கு வரிசை." இது நியாயம், நான் மறுக்கல்ல. ஆனா எக்ஸ்ரே இல்லாத பெரியாஸ்பத்திரி உண்டா? உடம்புக்குள்ள துப்பாக்கிச் சன்னம் எங்க கிடக்கு எண்டு வெட்ட முன்னமே காட்ட அது போதும்.

"ஜனாஸாவ இன்னும் தாமதிக்கவா?" எண்டு, மையித்த அடக்கப் பிந்தும் எண்டு கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் சூடா சொல்றேன். பிரேத அறை வாசல்ல ஸலவாத்து ஓதிட்டு நிண்ட குடும்பங்கள உங்களவிட நான் கூடக் கண்டிருக்கேன். இங்கிலாந்தில சில இடங்கள்ல முஸ்லிம், யூதக் குடும்பங்கள் கேட்டா, வெட்டாம ஸ்கேனோடயே முடிக்க வழி இருக்கு. எல்லா மௌத்துக்கும் அது சரிவராது. நஞ்சு தெரியாது, நுரையீரல்ல அடைச்ச இரத்தக் கட்டியும் சாதாரண சி.டி.யில லேசில புடிபடாது. அந்த எல்லை எது எண்டு தெரியவும் படிக்கத்தான் வேணும்.

2004 சுனாமில கடல் வந்தப்ப சின்ன மாமியத் தேடி மூத்தாப்பா பள்ளிவாசல் பள்ளிவாசலா நடந்தார். அடையாளம் தெரியாதவங்கள ஒரே குழியில அடக்கினாங்க. படமில்ல, பல் பதிவில்ல. அந்த நேரம் வேற வழியுமில்ல, ஆரையும் குறை சொல்லல்ல. ஆனா அதே கடல் தாய்லாந்திலயும் வந்தது. அங்க பல்லையும் விரல் ரேகையையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டு மாசக்கணக்கா பேர் தேடினாங்க. எங்கட மாமிட கபுறு எது எண்டு இண்டைக்கும் தெரியாது. கபுறடிக்குப் போனா எந்தப் பக்கம் பாத்து ஸலாம் சொல்றது? இதுக்கா சிரிச்சீங்க?

அந்தத் தங்கச்சி நைட் டியூட்டி முடிச்சு, புள்ளயப் பாத்து, சோறாக்கி, மறுகாதான் பாடத்தத் திறக்கிறா. இதால சம்பளம் கூடப் போறதுமில்ல.

அவட சோதனை வாற கிழமை மூணு நாள். முதல் நாள் டியூட்டிய நான் எடுக்கிறேன். சிரிச்ச ஆக்கள்ல ரெண்டு பேர் அதே ரோஸ்டர்ல இருக்கீங்க. மத்த ரெண்டு நாளையும் நீங்க எடுங்க.