கடைசி தேதி என்று எதற்குப் போடுகிறீர்கள்?

நாங்கள் கலந்துகொண்ட சர்வதேசக் கட்டடக்கலைப் போட்டியிலிருந்து இன்று காலை 5.41க்கு அந்த மின்னஞ்சல் வந்தது. இதுவரை பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். "பங்கேற்பாளர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் கடைசி தேதி 21 நாட்கள் தள்ளி வைக்கப்படுகிறது." யார் அந்தப் பலர்? நான், என் தோழி, ஒரு ஜூனியர் பையன், நாங்கள் மூன்று பேரும் கேட்கவில்லை. 5.17க்கே எங்கள் வரைபட ஷீட்டுகளை ஏற்றி முடித்துவிட்டோம். 24 நிமிடம் முன்னாடி.

ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்நேரம் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். ஆனாலும் நேற்று ராத்திரியை முழுசாகச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது.

போட்டியின் கடைசி நேரம் லண்டன் கணக்கில் இரவு 11.59. நமக்கு விடிகாலை 5.29. இரண்டு ஏ1 ஷீட், ஒரே பிடிஎஃப், 10 எம்பிக்குள். கட்டடம் நிஜப் படம் போலத் தெரிய, நேற்று மத்தியானம் கம்ப்யூட்டரில் ரெண்டருக்குப் போட்டோம். லேப்டாப் அடுப்பு மாதிரி கொதித்தது. ஜூனியர் பையன் தன் ரூமிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டர் முடிந்தது. பார்த்தால் கூரையின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது. வடக்கை மாற்றி வைத்திருக்கிறோம். திரும்பப் போட்டோம். அது முடியும்போது மணி இரண்டு.

மூன்று மணிக்கு பிடிஎஃப் எடுத்தால் 46 எம்பி. சுருக்கினால், கட்டடத்தை வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் இருந்த மெல்லிய கோடுகள் எல்லாம் காணோம், நெருக்கக் கோடுகளால் ஹேட்ச் போட்ட இடம் தார் ஊற்றியது போலக் கறுப்பாகிவிட்டது. ஒவ்வொரு படமாகத் தனித்தனியே சுருக்கி மறுபடியும் ஷீட்டில் வைத்தோம். எட்டு படம். 4.15க்குத் தோழி கத்தினாள். சைட் போட்டோ ஒன்றில் அவள் டேப் பிடித்து நிற்கிறாள், டி-ஷர்ட்டில் கல்லூரிப் பெயர் தெரிகிறது. மூலையில் அவர்கள் கொடுத்த பதிவு எண்ணைத் தவிர அடையாளம் எதுவும் ஷீட்டில் இருக்கக் கூடாது, இருந்தால் தகுதி நீக்கம் என்பது விதி. அந்த எழுத்தை அழித்து, மறுபடியும் பிடிஎஃப் எடுத்து, 5.02க்கு ஏற்ற ஆரம்பித்தால் 92 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஹாஸ்டல் வைஃபை போய்விட்டது. என் போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. ஜூனியர் பையன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் லேப்டாப்பை வைத்து ஏற்றினோம். 5.17. "பெற்றுக்கொண்டோம்" என்று வந்தது.

கோயிலில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்திருந்தது. மூன்று பேரும் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் 5.41.

சரி, நாட்கள்தான் கிடைத்திருக்கிறதே, ஷீட்டைத் திருத்தி மறுபடியும் அனுப்பலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. ஒருமுறை சமர்ப்பித்ததை மாற்ற வழியில்லை. எழுதிக் கேட்டோம். புதிதாகப் பதிவு செய்து அனுப்பலாம் என்று பதில் வந்தது. புதிய பதிவுக்கு இப்போது தாமதக் கட்டணம், 90 யூரோ. நாங்கள் ஏற்கெனவே கட்டியது 70 யூரோ. கார்டு கமிஷனும் வரியும் சேர்த்து ஏழாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. என் பங்கை அம்மா சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து வாங்கினேன். எங்கள் மூவரின் டெபிட் கார்டும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பாது என்பதால் தோழியின் மாமா கார்டைக் கெஞ்சி வாங்கிக் கட்டினோம்.

அதே தோழி போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் நடந்த அவள் அக்காவின் வளைகாப்புக்குப் போகவில்லை. இந்தப் போட்டிக்காகத்தான் போகவில்லை. கூடப் பிறந்த அக்கா. "ஒரு வளையல் போட்டுவிட்டுப் போக உனக்கு நேரமில்லையா?" என்று அவள் அம்மா போனில் அழுதார். இன்று காலை அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். 21 நாட்கள் தருகிறார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமையை யார் தருவார்கள்?

நீட்டித்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று யாரும் சொல்ல வராதீர்கள். நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு அது அநியாயம். இனி வருகிறவர்கள் மூன்று வாரம் கூடுதலாக உட்கார்ந்து மாடல் செய்து, படம் பிடித்து, அழகாக அனுப்புவார்கள். எங்களுடையதும் அதுவும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எது எத்தனை நாளில் செய்தது என்று நடுவருக்கு எப்படித் தெரியும்? பாதியில் விட்டவர்களுக்கும் இது அநியாயம்தான். வேறு கல்லூரியில் இருக்கும் என் பள்ளித் தோழியின் குழு செமஸ்டர் சமர்ப்பிப்போடு சேர்த்து முடியாது என்று இரண்டு நாளுக்கு முன்பு கைவிட்டது. இந்த 21 நாட்கள் அப்போதே தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். இப்போது அவர்கள் கையில் பாதி வரைந்த ஷீட் இருக்கிறது, செமஸ்டர் வேலை முழுக்கத் தலைக்கு மேல் நிற்கிறது.

இதைவிட எரிச்சல் என்னவென்றால், ஒரு சீனியர் அக்கா இதை முன்பே சொன்னார். "முதல்ல போடுற கடைசி தேதியை நம்பாதீங்கடி. பதிவு குறைவா வந்தா தள்ளிடுவாங்க." நாங்கள்தான் நம்பினோம். அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது. முன்கூட்டிப் பதிந்தால் 50, அப்புறம் 70, கடைசியில் 90 என்று கட்டணத்தை மூன்று படியாக வைத்திருப்பவர்களுக்கு, தேதியைத் தள்ளத் தள்ள 90 கட்டுகிறவர்கள் கூடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 குழு 70 யூரோ கட்டினால் 21,000 யூரோ. முதல் பரிசு 2,000 யூரோ. அந்தப் பரிசை எங்களுக்குக் கொடுப்பது யார்? நாங்களேதான். தோற்றவர்கள் கட்டிய காசு.

எங்கள் துறையில் நேரம் என்பதற்கு ஒரு மரியாதை இருந்தது. ராப்பகலாக உட்கார்ந்து முடிப்பதை ஸ்டுடியோவில் 'சாரெட்' என்கிறோமே, அது பிரெஞ்சில் ஒரு கைவண்டியின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் எகோல் தே போசார் பள்ளியில் நேரம் முடிந்ததும் வண்டி வந்து மாணவர்களின் வரைபடங்களை அள்ளிக்கொண்டு போகும். முடிக்காதவர்கள் வண்டி மேலேயே ஏறிக் கோடு போட்டுக்கொண்டு போவார்கள் என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே கதை சொன்னார்கள். அந்தக் கதையிலும் வண்டி யாருக்காகவும் மூன்று வாரம் தெருவில் நிற்கவில்லை. எங்கள் கல்லூரியிலேயே, ஆசிரியர்கள் ஷீட்டை மதிப்பிடும் ஒன்பது மணி ஜூரிக்கு 9.05க்குப் போனால் ஷீட்டை வாங்க மாட்டார்கள். இதே கையால் அழுதுகொண்டு ஷீட்டைச் சுருட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

போட்டி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. போட்டிகள்தான் என்னை இந்தப் படிப்புக்கே இழுத்து வந்தன. வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவிடத்தை வடிவமைத்தபோது மாயா லின்னுக்கு வயது 21. யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவி. 1981 மார்ச் 31 கடைசி தேதி. 1,421 வடிவமைப்புகள் வந்து சேர்ந்தன. ஒரு விமானக் கொட்டகையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். எதிலும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அவருடையது 1026. மே மாதம் பிறந்ததும் முடிவை அறிவித்துவிட்டார்கள். பெயர் பெற்ற கட்டடக் கலைஞர்களின் ஷீட்டுக்கு நடுவே ஒரு மாணவியின் ஷீட் சமமாக நின்றது என்றால், அதற்கு அந்த எண்ணும் அந்தத் தேதியும்தான் காரணம். நேற்று 4.15க்கு ஒரு டி-ஷர்ட் எழுத்தை அழிக்க நாங்கள் அத்தனை பாடுபட்டோமே, அதுவும் இந்த நம்பிக்கையில்தான். எங்கள் பக்கத்து விதியை எழுத்து எழுத்தாகக் காப்பாற்றினோம். அவர்கள் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு விதி. தேதி.

சர்வதேசக் கட்டடக்கலைப் போட்டி எப்படி நடக்க வேண்டும் என்று 1956இலேயே யுனெஸ்கோ பரிந்துரைகளை வகுத்தது, 1978இல் திருத்தியது. நடுவர்கள் யார் என்பதைப் போட்டி விதிகளிலேயே சொல்ல வேண்டும், வடிவமைப்பின் பதிப்புரிமை வடிவமைத்தவரிடமே இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் போட்டியின் பிரீஃபில், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் தரும் குறிப்பில், "நடுவர் குழு பின்னர் அறிவிக்கப்படும்" என்று போட்டிருந்தது. இன்று வரை அறிவிக்கவில்லை. அனுப்பும் படங்கள் எல்லாம் நடத்துபவர்களுக்கே சொந்தம் என்றும் ஒரு வரி இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். வேறு எங்கே போவோம்?

கல்லூரி வழியாகப் போக வேண்டிய நல்ல பரிசுகளும் இருக்கின்றன. லண்டனில் ரிபா என்ற கட்டடக் கலைஞர்கள் அமைப்பு வழங்கும் பிரெசிடென்ட்ஸ் மெடல்கள் 1836இலிருந்து வருகின்றன. அதற்கெல்லாம் மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரிதான் பரிந்துரைக்க வேண்டும். பயண உதவித்தொகைகள் சிலவும் அப்படித்தான். நான் நாலாவது வருடம் படிக்கிறேன். எங்கள் நோட்டீஸ் போர்டில் இப்படிப்பட்ட அறிவிப்பை இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கடைசி தேதி போன வாரம். ஆபீஸில் கேட்டால் "மெயில் இப்பதாம்மா பார்த்தோம்" என்கிறார்கள். அங்கே தேதியைத் தள்ளச் சொல்லி யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள்.

எங்கள் வடிவமைப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. உழைக்கிறவர்களுக்கு 100 சதுர மீட்டரில் ஓர் ஒதுங்கிடம், இடம் உங்கள் ஊரில், என்பதுதான் பிரீஃப். நாங்கள் உழவர் சந்தையை எடுத்துக்கொண்டோம். முதல் உழவர் சந்தை 1999இல் ஆரம்பித்ததே மதுரை அண்ணா நகரில்தான், அதனால் எங்கள் பக்கம் அது வெறும் காய்கறிக் கடை இல்லை. முதல் பஸ்ஸில் மூட்டையோடு வரும் பெண்கள் சந்தை திறக்கும் வரை எங்கே உட்காருகிறார்கள், எங்கே கால் நீட்டுகிறார்கள், கைப்பிள்ளையோடு வந்தவள் எந்தப் பக்கம் திரும்பிப் பால் கொடுக்கிறாள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை விடிகாலை போய்ப் பார்த்தோம், அளந்தோம். படுத்து எழ வசதியாக 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நீளத் திண்ணை, அதன் மேல் தாழ்வான ஓட்டுக் கூரை, பின்னால் கழிப்பறை, சுற்றி வாழை. அவ்வளவுதான்.

இரண்டாவது ஞாயிறு ஒரு அப்பத்தா என் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தாயி அளக்குறீக? கூரை போடப் போறீகளா?"

"இல்ல அப்பத்தா, ஒரு போட்டிக்கு."

"செயிச்சா போடுவாகளா?"

போட மாட்டார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரி, படத்தையாச்சும் கொண்டாந்து காட்டு தாயி. எங்கன படுக்கலாம்னு பாத்துக்கிறேன்" என்றார்.

காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகவே இன்று மத்தியானம் தூக்கக் கலக்கத்தோடு பெரிய ஷீட் அச்சடிக்கும் பிளாட்டிங் கடைக்குப் போய் செக்‌ஷன் ஷீட்டை மட்டும் ஏ1இல் கலரில் எடுத்தேன். இந்தக் கடைக்காரரைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். வாழை முழுக்க நீலமாக வந்திருக்கிறது. திண்ணை ஊதா. மஞ்சள் மை தீர்ந்துபோய் எத்தனை நாளாயிற்றோ, மாற்றவில்லை. வெளியே நாலு பேர் ஷீட்டோடு நிற்கிறார்கள், எல்லோருக்கும் இதே நீலத்தை அடித்துக் கொடுத்து முழுக் காசு வாங்குகிறார். திரும்ப எடுத்துக் கொடுங்கள் அண்ணா என்றால் இன்னொரு முந்நூறு ரூபாய் கேட்கிறார். "உங்க ஃபைல்லயே அப்படித்தான்மா இருக்கு" என்கிறார். ஃபைலில் பச்சைதான் இருக்கிறது. அவர் கம்ப்யூட்டரிலேயே திறந்து, விரலை வைத்துக் காட்டினேன், பச்சையாகத்தான் இருந்தது.