சுத்தியல் அடி பேரிங்குக்கு ஆகாது
கார்ச் சக்கரம் தடையின்றிச் சுழல, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே குண்டுகள் ஓடும் பாகம்தான் பேரிங். அதை மாற்றுவது பற்றிய இந்தக் கட்டுரை, புதிய பேரிங்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டியே அதன் கூட்டுக்குள் உட்கார வைத்துவிடலாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் காரின் முன்சக்கரத்துக்கு முதல்முறை நான் அப்படித்தான் செய்தேன். வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டிய அடி உள்வளையத்திலும் விழுந்தது. இரண்டே மாதத்தில் பழைய உறுமல் திரும்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால், குண்டுகள் ஓடும் தடத்தில் சம இடைவெளியில் நகம் பதிந்தது போலச் சின்னச் சின்னக் குழிகள். அடியின் விசை குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தைக் குத்தியிருக்கிறது. பேரிங்கை அழுத்தி உள்ளே தள்ளும் பிரஸ் இயந்திரம் இல்லாவிட்டாலும், நீளமான போல்ட்டும் வெளிவளையத்தின் மேல் மட்டும் அமரும் கனமான வாஷரும் வைத்து நட்டை முறுக்கினால் பேரிங் கோணாமல் உள்ளே போகும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே, அதாவது மூடியிலேயே, காந்த வளையம் இருக்கிறது; அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்கியே இருக்க வேண்டும். மேலே கருத்திட்ட ஒருவர், இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுவதால் இடப்பக்கப் பேரிங்கை மாற்றப்போவதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து பொறுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச்சக்கரத்தின் மேல்தான் ஏறுகிறது; எடை ஏறும்போது சத்தம் கூடினால் சந்தேகம் அந்தப் பக்கப் பேரிங்கின் மேல்தான். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, முதலில் வலச்சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி சஸ்பென்ஷன் சுருள்வில்லைத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு விரல்நுனியிலேயே தெரியும்.